மாடி ஜன்னலை மறைக்க என்ன செடி வைப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கோவை சரவணம்பட்டிப் பக்கம் வீடு. மேற்கே 5 அடி காம்பவுண்டு சுவர், அதை ஒட்டி 3 அடி அகலத்தில் 40 அடி நீளத்துக்கு மண் விட்டிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டிவிட்டார். அந்த ஜன்னலில் யாராவது நின்றால் உங்கள் பின்வாசலில் உட்காரும் இடமும் துவைக்கும் கல்லும் அப்படியே தெரிகின்றன. கரிசல் மண், போர் தண்ணீரில் உப்பு, சுவரின் ஒரு மூலையில் சம்ப். வருஷம் முழுக்க இலை நிற்கிற, வெயில் தாங்குகிற, சீக்கிரம் வளர்கிற செடி வேண்டும். அது சத்தத்தையும் குறைக்குமா? நர்சரியில் கோனோகார்பஸ் என்கிறார்கள், வைக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வைக்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. ஆனால் செடியின் பெயருக்குப் போகும் முன் தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைப் போடாமலேயே செடி வாங்கிவிடுகிறார்கள். உங்களுக்குத் தேவை வேலி இல்லை, மறைப்பு. ஆட்டைத் தடுக்கிற வேலி தரையிலிருந்து 4 அடி வரை நெருக்கமாக இருந்தால் போதும். கண்ணைத் தடுக்கிற மறைப்புக்குத் தரையில் வேலையே இல்லை. உங்களுக்கு முதல் 5 அடியைச் சுவர் பார்த்துக்கொள்கிறது. சுவருக்கு மேலே எங்கிருந்து எதுவரை இலை வேண்டும் என்பதுதான் கேள்வி.

அதை இப்படி அளக்கலாம். பக்கத்து வீட்டு மாடித் தரை உங்கள் தரையிலிருந்து சுமார் 11 அடி என்று வைத்துக்கொள்வோம். அங்கே நிற்பவரின் கண் 16 அடியில் இருக்கும். அந்த ஜன்னல் சுவரிலிருந்து 5 அடி தள்ளி, நீங்கள் உட்காரும் இடம் சுவரிலிருந்து இந்தப் பக்கம் 10 அடி தள்ளி. உட்கார்ந்திருப்பவரின் தலை 4 அடி உயரம். 15 அடி தூரத்தில் பார்வை 12 அடி இறங்குகிறது, அதாவது அடிக்கு முக்கால் அடிக்குச் சற்று அதிகம். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிச் செடி வைத்தால், அது 11 அடி உயர்ந்தால்தான் அந்தப் பார்வையை வெட்டும். அதே மறைப்பை உங்கள் நாற்காலியிலிருந்து 3 அடியில் நிறுத்தினால் ஆறரை அடி போதும். நின்றுகொண்டு துணி துவைப்பவரையும் மறைக்க வேண்டுமென்றால் சுவரோரம் பதினொன்றரை அடி, கிட்டத்தில் 8 அடிக்குள். இவை நான் ஊகித்த அளவுகள். உங்கள் வீட்டு அளவைப் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள், அல்லது ஒருவரை உட்கார வைத்து, ஒரு நீளக் கம்பை நிறுத்தி, எந்த உயரத்தில் அந்த ஜன்னலின் மேல் விளிம்பு மறைகிறது என்று நேரிலேயே பாருங்கள். பத்து நிமிஷ வேலை.

இந்தக் கணக்கு வந்ததும் பாதிச் செடிகள் பட்டியலிலிருந்து தாமாகவே போய்விடும். 3 அடி அகலத்துக்குள் 11 அடி உயரம் வேண்டும். அந்த 3 அடியிலும் சுவரின் அஸ்திவாரம் உள்ளே கொஞ்சம் நீட்டியிருக்கும். பக்கவாட்டில் பரவும் எதற்கும் அங்கே இடமில்லை.

இன்னொன்று: சீக்கிரம் வளரும் செடி, வேண்டிய உயரத்தில் நின்றுவிடுவதில்லை. இரண்டு வருஷத்தில் 12 அடி போகிற செடி ஐந்தாவது வருஷம் 25 அடிக்குப் போகும், அல்லது வருஷத்துக்கு நான்கு தடவை ஏணி போட்டு வெட்டச் சொல்லும். கோனோகார்பஸ் விஷயமும் அதுதான். சோமாலியா, ஏமன் பக்கத்து வறண்ட நிலத்துச் செடி, வெயில், உப்பு, வறட்சி எல்லாவற்றையும் தாங்கும், வெட்ட வெட்டத் தழைக்கும். நர்சரிக்காரர் சொல்வதில் பொய்யில்லை. அந்த வளர்ச்சிக்கான தண்ணீரை அதன் வேர் எங்கிருந்தாவது தேடி எடுக்கும். குழாய், சாக்கடை, தொட்டி என்று ஈரம் உள்ள இடத்துக்கெல்லாம் வேர் போய் அடைத்த அனுபவம் வளைகுடா நாடுகளில் நிறைய உண்டு. குஜராத் அரசு 2023-ல் அதை வளர்க்கவும் நடவும் தடை விதித்தது, தமிழக அரசும் 2025 தொடக்கத்தில் தடை விதித்தது. மகரந்தத்தால் ஆஸ்துமா, ஒவ்வாமை வரும் என்பதும் தடைக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. அது எந்த அளவுக்கு என்பதில் தாவரவியலாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆனால் சம்ப் பக்கத்தில் வேண்டாம் என்பதில் விவாதமே இல்லை. நர்சரியில் இன்னும் விற்கிறார்கள் என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்.

அதே காரணத்துக்காக ஃபைகஸ் வகைகளையும் தள்ளுங்கள். பளபளவென்று அடர்ந்த இலையோடு தொட்டியில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது ஆல், அரசு குடும்பம். சுவர் வெடிப்பில் முளைக்கிற ஆலங்கன்று என்ன செய்யும் என்பது உங்களுக்கே தெரியும். கரிசல் மண்ணில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த மண் ஈரத்தில் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். பெரிய மரம் கோடையில் சுவரடி ஈரத்தை உறிஞ்சும்போது அந்த இடத்து மண் மட்டும் அதிகமாகச் சுருங்கி, அஸ்திவாரம் ஆழமில்லாத காம்பவுண்டு சுவர் ஒரு பக்கம் இறங்கிச் சாய்வாக வெடிக்கும். வேர் சுவரைத் தொடக்கூட வேண்டாம், தண்ணீரை எடுத்தாலே போதும். செம்மண் பகுதியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

சரி, எதை வைக்கலாம்? குறுகலான இடத்துக்கு நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது நெட்டிலிங்கம். நர்சரிகளில் அசோகா என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள். உண்மையான அசோகம் வேறு, ஆரஞ்சுப் பூக்கொத்து வைக்கிற மரம், அது மறைப்புக்கு ஆகாது. நெட்டிலிங்கத்தில் கிளைகள் கீழ்நோக்கித் தொங்கும் ஒல்லி வகையைப் பார்த்து வாங்குங்கள். 3 முதல் 4 அடி விட்டத்துக்குள் தூண்போல நிற்கும். பழைய இலை கொட்டும்போதே செம்பு நிறத்தில் துளிர் வந்துவிடுவதால் மொட்டையாகத் தெரியும் நாளே இல்லை. மறைப்பு வேண்டுமானால் 4 அடிக்கு ஒன்று. சாலையோரத்தில் வைப்பதுபோல் 8 அடி இடைவெளி விட்டால் தூணுக்கும் தூணுக்கும் நடுவே ஜன்னல் தெரிந்துகொண்டே இருக்கும். 6 அடிக் கன்றாக வாங்கி ஒழுங்காகத் தண்ணீர் விட்டால் இரண்டு, இரண்டரை வருஷத்தில் நமக்கு வேண்டிய உயரம் வந்துவிடும். 14 அடி வந்ததும் நுனியை வெட்டிவிட வேண்டும். வெட்டிய இடத்தில் நாலைந்து கிளை நிமிர்ந்து எழும், அவற்றையும் வருஷம் ஒருமுறை வெட்டினால் அங்கேயே நிற்கும். விட்டுவிட்டால் 30, 40 அடிக்குப் போய்க் காற்றுக்கு முறியும்.

காற்று என்றால் உங்கள் ஊருக்குத் தனிக் கணக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற மேற்குக் காற்று இரண்டு வீடுகளுக்கு இடையிலான சந்தில் இன்னும் வேகமெடுக்கும். மேற்குச் சுவரோரம் புதிதாக வைத்த 6 அடிக் கன்று முதல் ஆடியிலேயே சாயும். சவுக்குக் கம்பு இரண்டு பக்கமும் நட்டு, சணல் கயிற்றை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கினால் ஒரே வருஷத்தில் பட்டைக்குள் வெட்டி இறங்கிவிடும். அந்த இடத்தில்தான் பின்னாளில் மரம் முறியும். இரண்டாவது ஆடி முடிந்ததும் கம்பை எடுத்துவிடுங்கள். ஊன்றுகோலிலேயே வளர்ந்த மரத்துக்கு அடித்தண்டு தடிக்காது.

நெட்டிலிங்கத்தின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் காய்க்கும், வௌவால் வரும், சுண்ணாம்படித்த சுவரில் எச்சக் கறை விழும். உப்புத் தண்ணீரில் இலை நுனி கருகும். வரிசை நெருங்கினால் அடி இலை உதிர்ந்து கால் தெரியும். இந்தக் கடைசிக் குறையை உங்கள் கணக்கில் குறையாகவே எடுக்க வேண்டியதில்லை. முதல் 5 அடியைச் சுவர்தான் மறைக்கிறதே.

அடுத்தது மூங்கில். மூங்கில் என்றதும் சுவரை இடித்துவிடும், பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடும் என்று பயமுறுத்துவார்கள். ஓடுகிற மூங்கில் குளிர்நாட்டு வகை. நம் நர்சரிகளில் கிடைப்பவை ஏறக்குறைய எல்லாமே புதராகக் கட்டும் வகை. ஓடாது, ஆனால் புதர் வருஷா வருஷம் பெருக்கும். மஞ்சள் தண்டில் பச்சைக் கோடு போட்ட பெரிய மூங்கில் உங்கள் 3 அடிக்கு அடங்காது, அதன் புதர் ஒன்றே 6, 8 அடி விட்டம் கேட்கும். ஹெட்ஜ் மூங்கில், மல்டிபிளெக்ஸ் என்ற பெயர்களில் விற்கிற, விரல் பருமனுள்ள மெல்லிய வகைதான் சரி. இதை 3 அடிக்கு ஒன்றாக வைத்து, சுவர்ப் பக்கம் 2 அடி ஆழத்துக்கு கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டோ கடப்பைக் கல்லோ இறக்கிவிட்டால் சுவருக்கு ஆபத்தில்லை.

மூங்கிலில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. மூங்கில் குருத்து மண்ணிலிருந்து எழும்போதே அதன் பருமன் முடிவாகிவிடும். ஒரே பருவத்தில் முழு உயரத்தையும் எட்டிவிடும், அதற்குப் பிறகு அந்தக் கழி உயராது. ஆகவே ஒரு கழியை 12 அடியில் வெட்டினால் அது வாழ்நாள் முழுக்க 12 அடிதான், பக்கக் கணுக்களில்தான் தழைக்கும். வருஷம் ஒருமுறை, மழைக்குப் பின் எழுந்த புதுக் கழிகளை மட்டும் வெட்டினால் போதும். மற்ற எந்தச் செடியிலும் இந்த வசதி இல்லை. விலை என்னவென்றால் தண்ணீர். சித்திரை, வைகாசியில் இரண்டு வாரம் மறந்தால் இலை சுருண்டு கொட்டும், பிறகு தழைக்கும். ஆனால் மறைப்பு தேவைப்படுகிற கோடை மாலைகளில் அது மொட்டையாக நிற்கும். இலைச் சருகும் நிறைய. போர் தண்ணீர் உப்பு என்று நீங்கள் சொன்னதால்தான் இதை முதலிடத்தில் வைக்கத் தயங்குகிறேன். தண்ணீர் நன்றாக இருந்தால் இதையே சொல்லியிருப்பேன்.

குத்துச்செடிகள் பக்கம் வந்தால், 8 அடி வரை மறைக்க நல்லவை பல இருக்கின்றன. 11 அடிக்கு நம்பக்கூடியவை கம்மி. முரயா அல்லது காமினி என்று விற்கிற வெள்ளைப் பூச்செடி கத்தரிக்கு நன்றாக அடங்கும், மழை பெய்த மறுவாரம் மணக்கும். வளர்ச்சி மெதுவாக, வருஷத்துக்கு ஒன்று, ஒன்றரை அடிதான். வீட்டில் எலுமிச்சை இருந்தால் இதை வைக்காதீர்கள். எலுமிச்சை வகைகளுக்குப் பசுமை நோயைப் பரப்பும் சிறு தத்துப்பூச்சிக்கு முரயா ரொம்பப் பிடித்த வீடு. கறிவேப்பிலையும் அதே குடும்பம், அதிலும் இந்தப் பூச்சி வரும்.

செம்பருத்தி சீக்கிரம் 8, 9 அடி வரும், வெட்டினால் தழைக்கும், போத்து வெட்டி நட்டாலே பிடிக்கும். மாவுப்பூச்சிதான் எதிரி. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 2008-ல் உங்கள் கோவையில்தான். அப்போது செம்பருத்தி வேலிகள் வெள்ளை அடித்ததுபோல் நின்றன. 2010-ல் அதைத் தின்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்ட பிறகு அடங்கியது. அந்தக் குளவி இன்றும் நம் தோட்டங்களில் இருக்கிறது. அதனால் மாவுப்பூச்சி தெரிந்ததும் கடும் மருந்தை அடித்துக் குளவியையும் சேர்த்துக் கொல்லாதீர்கள். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, நுனிகளை வெட்டி எரித்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் அடித்தால் பெரும்பாலும் போதும்.

அரளியை விடத் தாங்கும் செடி கிடையாது. நெடுஞ்சாலை நடுவில் டீசல் புகையிலும் அனலிலும் தண்ணீர் லாரி எப்போதாவது வந்து போகும் இடத்தில் அது பூத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 10 அடி வரும், உப்புத் தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் இலை, பூ, தண்டு, பால் எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு, வெட்டிய குச்சியை எரித்த புகையும் ஆகாது. மஞ்சள் அரளியின் கொட்டை இன்னும் மோசம். வீட்டில் சிறு பிள்ளைகளோ, பக்கத்தில் மாடு ஆடு கட்டுபவர்களோ இருந்தால் வேண்டவே வேண்டாம். நீங்கள் பிள்ளைகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன். சங்கங்குப்பியும் உப்பைத் தாங்கும், ஆடு மாடு கடிக்காது, கடலோர ஊர்களுக்கு அதைவிடச் சிறந்த வேலி இல்லை. ஆனால் அது 6, 7 அடிச் செடி. மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கத்தரி கேட்கும்.

மருதாணி, நொச்சி, ஆடாதோடை மூன்றும் கரிசலில் தண்ணீரே இல்லாமல் பிழைக்கும். மருதாணியின் இலை சிறிது, மறைப்பு மெலிவு, கடும் கோடையில் கொட்டும். நொச்சி வைத்தால் கொசு வராது என்பார்கள். இலையைப் புகைபோட்டால் கொசு விலகும் என்பது பழைய வழக்கம், அதில் அர்த்தம் இருக்கிறது. சும்மா நிற்கிற செடி கொசுவை விரட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொங்கு நாட்டு உயிர்வேலி என்றதும் கிளுவையைக் கேட்பவர்களும் உண்டு. காங்கயம், தாராபுரம் கொறங்காடுகளில் தலைமுறை தலைமுறையாக மேய்ச்சல் நிலத்தைக் காத்து நிற்கிற வேலி அது. யாழ்ப்பாணத்திலும் கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால் (துளிர்க்கும் வேலிக் கம்பு) நட்டு வளவை அடைப்பார்கள். ஆனால் கிளுவை கோடையில் இலையை உதிர்த்துவிடும். கால்நடையை நிறுத்தும், கண்ணை நிறுத்தாது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் கதியாலோடு கிடுகையும் (பின்னிய தென்னோலை) சேர்த்துக் கட்டியது அந்தக் கண்ணுக்காகத்தான்.

படங்களில் பார்த்து தூஜா, சைப்ரஸ் கேட்கிறவர்களுக்கு ஒரே வரி: ஊட்டி, கொடைக்கானல் என்றால் தாராளமாக வையுங்கள், சமவெளியில் சுவர் அனலடிக்கும் பக்கம் பழுப்பேறும். ஊசியிலைச் செடிகள் வெறும் மரம் தெரியும்வரை வெட்டினால் திரும்பத் தழைக்காது. சவுக்கு வேலிக்கும் அதே எச்சரிக்கை.

இனி கொடி. உங்கள் நிலைமைக்கு இதுதான் அவசரத் தீர்வு என்று நினைக்கிறேன். கர்ட்டன் கிரீப்பர் என்று விற்கிற கொடி மேலிருந்து திரைச்சீலைபோலத் தொங்கும், வருஷம் முழுக்கப் பச்சை, பூ சொல்லிக்கொள்ளும்படி இல்லை, வெயிலைத் தாங்கும். உட்காரும் இடத்திலிருந்து 3 அடி தள்ளி இரண்டு அங்குல ஜி.ஐ. பைப்பை 8 அடி உயரத்துக்கு நிறுத்தி, 2 அடி ஆழம் கான்கிரீட் போட்டு, 5 அடிக்கு ஒரு கால் வைத்து, செயின்லிங்க் வலையை இழுத்துக் கட்டுங்கள். 10 அடி நீளத்துக்கு மூன்று கால், நாலைந்து கொடி. முதலில் நுனியைக் கிள்ளாமல் வலையின் உச்சிவரை ஏற்றிவிடுங்கள். உச்சி தொட்ட பிறகு கிள்ளினால் பக்கத்தில் பிரிந்து தானே தொங்கும். ஒரு வருஷத்துக்குள் நாற்காலியில் உட்கார்ந்தவர் மறைந்துவிடுவார். பூ வேண்டுமென்றால் ரங்கூன் மல்லி. ஆனால் அதன் வேரிலிருந்து அங்கங்கே குருத்து கிளம்பும், வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இலை மூடிய வலை ஆடிக் காற்றில் பாய்மரம் மாதிரி. அதனால்தான் காலுக்குக் கான்கிரீட்டைக் கட்டாயமாகச் சொல்கிறேன். வருஷம் ஒருமுறை உள்ளே காய்ந்த கொடியை வழித்து எடுக்காவிட்டால் கனமும் ஏறும், எலியும் கூடு கட்டும்.

ஆக, உங்கள் இடத்துக்கு நான் சொல்வது: கிட்டத்தில் இந்தக் கொடித்திரை, சுவரோரம் நெட்டிலிங்கம். சம்ப் இருக்கும் மூலையில் 8 அடி விட்டுவிட்டு, மீதி 32 அடியில் 4 அடிக்கு ஒன்றாக 8 கன்று. சம்ப் பக்கத்து 8 அடியில் மண்ணில் எதுவும் நடாமல், பெரிய சிமெண்டுத் தொட்டியில் கொடி வைத்து வலையில் ஏற்றுங்கள். நெட்டிலிங்கங்களுக்கு நடுவே அடியில் காலி தெரிந்தால் செம்பருத்திப் போத்து சொருகலாம், கட்டாயமில்லை. ஒரே செடியை 40 அடிக்கும் வைப்பது பார்க்க ஒழுங்கு, ஆனால் பூச்சி வந்தால் மொத்தமும் ஒன்றாகப் போகும்.

நடும் முறையில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். புதிதாகக் கட்டிய சுவரோரம் இருப்பது மண் இல்லை. செங்கல் துண்டு, காய்ந்த கலவை, சிமெண்டுத் தூள். அதில் சுண்ணாம்பேறி இலை மஞ்சளடிக்கும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி மையக்கோடு பிடித்து, ஒன்றரை அடி அகலம், 2 அடி ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி தொடர்ந்து தோண்டி அந்தக் குப்பையை வெளியேற்றுங்கள். சுவரின் அஸ்திவாரத்துக்குக் கீழே மட்டும் பறிக்காதீர்கள். மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, கரிசலானதால் மணல் ஒரு பங்கு கலந்து நிரப்பி, கன்றுக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். மக்காத சாணம் வேண்டாம், கரையான் வரும். நிரப்பிய மண் தரைமட்டத்துக்கு அரை அடி மேலே மேடாக நிற்கட்டும், ஒரு மழையில் பாதி அமுங்கிவிடும். தனித்தனிக் குழி தோண்டினால் கரிசலில் அது கிணறு மாதிரி தண்ணீர் கட்டி வேர் அழுகும். வாய்க்காலாகத் தோண்டச் சொல்வது அதற்காகத்தான்.

கன்று எடுக்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரே அளவுப் பையில் ரொம்ப உயரமாக நிற்கிற கன்று, அந்தப் பையில் வெகுநாள் கிடந்த கன்று. பைக்குள் வேர் வட்டம் சுற்றியிருக்கும், மண்ணில் வைத்த பிறகும் அப்படியே சுற்றிக் கழுத்தை நெரிக்கும், மூன்று வருஷம் கழித்துக் காரணம் தெரியாமல் சாயும். பையை வெட்டி எடுத்ததும் சுற்றிய வேர் தெரிந்தால் மண் உருண்டையை மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கத்தியால் ஒரு அங்குல ஆழம் கீறிவிட்டு நடுங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம், தண்டைப் புதைக்க வேண்டாம். புரட்டாசிக் கடைசியில் நட்டால் வடகிழக்கு மழை முழுசும் வேர் பிடிக்கக் கிடைக்கும். பங்குனி, சித்திரையில் யார் இலவசமாகக் கொடுத்தாலும் நடாதீர்கள்.

தண்ணீருக்கு டிரிப் போடுங்கள். மணிக்கு 4 லிட்டர் சொட்டும் டிரிப்பர் கன்றுக்கு இரண்டு, ஒரு மணி நேரம் ஓடினால் 8 லிட்டர். முதல் வருஷம் இரண்டு நாளுக்கு ஒருமுறை, இரண்டாவது வருஷம் வாரத்துக்கு இரண்டு முறை இரண்டு மணி நேரம். தினமும் பைப்பைப் பிடித்து மேலாக நனைத்தால் வேர் மேலேயே நிற்கும், சித்திரையில் கரிசல் வெடிக்கும்போது அறுந்துபோகும். அடியில் 3 அங்குலத்துக்குச் சருகோ தேங்காய் மட்டையோ போட்டு மூடுங்கள், தண்டை ஒட்டாமல். சுவரடியில் ஒரு அடிக்குக் கூட்டிச் சுத்தமாக வைத்தால், பச்சை வைத்தால் பாம்பு வரும் என்ற பயத்துக்கும் இடமில்லை. பாம்பு வருவது செடிக்காக இல்லை, சருகுக் குவியலில் இருக்கும் எலிக்காக.

உப்பு எவ்வளவு என்று நீங்கள் சொல்லாததால் இதுவரை சொன்னதில் அந்த ஒன்று மட்டும் தொங்கலில் நிற்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, அங்கே மண்ணும் தண்ணீரும் பரிசோதித்துத் தருவார்கள். நடுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். தண்ணீரின் உப்பைக் காட்டும் மின்கடத்து திறன் (EC) 2 dS/m-க்குள் இருந்தால் மேலே சொன்ன எதையும் வைக்கலாம். 2-க்கு மேல் போனால் முரயாவை விட்டுவிடுங்கள். 3-ஐத் தாண்டினால் நெட்டிலிங்கத்தையும் மறந்துவிட்டு, பிள்ளைகள் பற்றிய யோசனையோடு அரளிக்குத்தான் வர வேண்டும், அல்லது சுவரோரத்தைச் சங்கங்குப்பிக்கு விட்டுக் கொடித்திரையை மட்டும் நம்ப வேண்டும். தளிர் மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இலையில் தெளித்தால் திரும்பும். பழைய இலையின் ஓரம் கருகினால் அது உப்பு, அதற்குத் தெளிப்பு உதவாது. மழைநீரை அந்த வாய்க்காலுக்குத் திருப்பி உப்பைக் கீழே இறக்குவதுதான் வழி. மாடித் தண்ணீர்க் குழாய் ஒன்றை அந்தப் பக்கம் திருப்ப முடிகிறதா என்று இப்போதே பாருங்கள்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 3 அடி அகலச் செடி வரிசை சத்தத்தைக் குறைப்பது காதுக்குத் தெரியாத அளவுதான். தூசியை ஓரளவு பிடிக்கும். மேற்கு வெயிலை நன்றாகவே மறைக்கும், மாலையில் பின்வாசல் சூடு குறையும்.

நடும் முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஏழெட்டு மாதத்தில் கிளை அந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கும், சருகு அவர்கள் வாசலிலும் விழும். சுவருக்கு அந்தப் பக்கம் வெட்ட வருஷத்துக்கு இரண்டு தடவை அவர்கள் இடத்தில் ஏணி போட்டாக வேண்டும். மாடி ஜன்னல்காரரின் சம்மதம் இல்லாமல் அந்த வேலை நடக்காது.